தசைக்கு மேலா, கீழா?

2017 ஏப்ரலில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் யுஎஃப்சி 210 கலப்புச் சண்டைப் போட்டி. எடை பார்க்கும் நாளில் திடீரென்று ஒரு செய்தி பரவியது. பேர்ல் கொன்சாலஸ் என்ற வீராங்கனையின் மார்பில் சிலிகான் உள்வைப்பு இருக்கிறது, நியூயார்க் மாநில விதிப்படி அவர் களமிறங்க முடியாது என்றார்கள். பிறகு மாநில ஆணையமே அனுமதி கொடுத்தது. மறுநாள் அவர் மூன்றாவது சுற்றுவரை போராடி, கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றார்.

போட்டிக்கு முந்தைய நாள் அதிகாரிகள் கிளப்ப வேண்டிய பிரச்சினையா இது? உள்வைப்பு வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அதை ஆசை, ஆடம்பரம் என்று எடைபோட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தினமும் ஓடுகிற, பளு தூக்குகிற, நீந்துகிற ஒரு பெண் அந்த முடிவை எடுக்கும் முன் சில உண்மைகள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். பெரும்பாலும் பேச்சு அளவைப் பற்றியே சுற்றுகிறது. அதற்கு முன்னால் பேச வேண்டியது தசை.

உள்வைப்பை மார்புத் தசைக்குக் கீழேயும் வைக்கலாம், மேலேயும் வைக்கலாம். கீழே வைக்கும்போது, விலா எலும்போடு ஒட்டியிருக்கும் தசையின் அடிப்பகுதியைச் சர்ஜன் விடுவிக்க வேண்டியிருக்கும். தண்டால் எடுக்கும்போதும், பெஞ்ச் பிரஸ் செய்யும்போதும் முக்கியமாக இறுகுவது இதே தசைதான். அது இறுகும்போது அடியில் இருக்கும் சிலிகான் பை மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. மார்பின் வடிவம் கோணுவது கண்ணுக்கே தெரியும். மேலே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, தசையும் சேதப்படாது. ஆனால் உடலில் கொழுப்பு குறைவாக உள்ளவர்களுக்குப் பையின் விளிம்பும் சுருக்கமும் தோலில் தெரிந்துவிடும். பையைச் சுற்றி உருவாகும் திசு இறுகிக் கல்லாகும் வாய்ப்பும் சற்று அதிகம். விளையாட்டுப் பெண்களின் சிக்கல் இங்கேதான். அவர்களின் ஒல்லியான உடல்வாகு 'கீழே வை' என்கிறது. அவர்கள் செய்யும் பயிற்சியோ 'மேலே வை' என்கிறது.

எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 300 சிசி பை ஒன்று ஏறக்குறைய 300 கிராம்; இரண்டும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல். ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் அது குலுங்கும்.

ஆஸ்திரேலியாவின் ஜானா பிட்மேன் இதை அனுபவித்தவர். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 2003-லும் 2007-லும் உலக சாம்பியன். உள்வைப்பு பொருத்திக்கொண்டவர், லண்டன் ஒலிம்பிக்கை மனதில் வைத்து அதை எடுத்துவிட்டார். 2010-ல் அது செய்தியானது. காயத்தால் லண்டன் கைகூடவில்லை. 2014-ல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் பங்கேற்றார், பின்னர் டாக்டரும் ஆனார். ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் சென்றது எதிர்த் திசையில். 2009-ல், 17 வயதில், மார்பைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பின்னாளில் பிரெஞ்சு ஓப்பனும் விம்பிள்டனும் வென்றார். இருவரும் தங்கள் ஆட்டத்துக்கு எது தேவை என்று யோசித்தே முடிவெடுத்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உள்வைப்பு ஆயுளுக்கும் நிற்கும் பொருளல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே வெளியிட்டது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகை, அரிதான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால் 2019-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிலிகான் பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். அதனால் 5, 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேனும், பிறகு 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது எஃப்டிஏ. 25 வயதில் பொருத்திக்கொள்ளும் பெண், மறுபடியும் ஆபரேஷன் மேசைக்குப் போக வேண்டிவரலாம் என்பதையும், அப்போது மார்புப் பயிற்சியை மறுபடி பல வாரங்கள் நிறுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

ஆகவே, டாக்டரைப் பார்க்கப் போகும் பெண்களே, உங்கள் பயிற்சி வீடியோவைக் கையோடு கொண்டு போங்கள். தசைக்கு மேலா கீழா, ஏன், மைதானத்துக்கு எப்போது திரும்பலாம், பத்தாண்டு கழித்து எடுக்க நேர்ந்தால் என்ன செலவு என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், தேதி குறிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.