எந்தக் கோலால் அளப்பது?



வாணிகத்தால் நகரைப் புதுப்பிப்பது ஐதராபாத்துக்குப் புதிதன்று. 1908-ஆம் ஆண்டின் மூசி வெள்ளத்துக்குப் பின், 1912-இல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் பத்தர்கட்டிக் கடைவீதியைக் கருங்கல்லால் எழுப்பியது. 1935-இல் எழுந்த மொசம்ஜாஹி சந்தை, சீர்செய்யப்பட்டு 2020-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது மூசிக்கரையையே புதுப்பிக்கத் திட்டம். வரவேற்போம், ஆனால், அதன் பயனை எந்தக் கோலால் அளப்பது?

வாடகை உயர்ந்தது, வரி பெருகியது என்பர் சிலர். வெப்பமானியைக் கொண்டு எடை காண முடியுமா? வாடகை உயர்வு கட்டட உடைமையாளரின் வரவு. சிறு கடைக்காரருக்கு அதுவே செலவு!

சமுதாயப் பயனை எண்ணால் அளக்க இயலாது என்பர் வேறு சிலர். அதையும் நான் ஏற்கேன். எண்ணப்படாதது ஏட்டில் பூச்சியமாகிவிடும். பழைய வணிகருள் எத்தனை பேர் நிலைத்தனர்? ஒன்றும் வாங்காதவர் நிழலில் அமர இடமுண்டா? இவை எண்ணக்கூடியவையே.

2024-இல் மூசிப் படுகைக் குடும்பங்கள் பல, அரசின் இரு படுக்கையறை வீடுகளுக்கு மாற்றப்பட்டன. கூரை வலுத்தது, பிழைப்பு? வேலைக்குச் செல்லும் தொலைவு? பிள்ளைகளின் பள்ளி? சோதனைக்கு முன் அளவெடுக்காதவர் வெற்றி என்று முழங்கலாமா?

நாமும் இந்நகரை நம்பி வந்தவர்களே. நம்முள் புள்ளியியல் பயில்வோர் உண்டு; தெலுங்கும் உருதும் பேசுவோர் உண்டு. மீதிக் கரை மாறுமுன், வரும் விடுமுறையிலேயே கணக்கெடுக்கப் புறப்படுவோமா?