சூ பிங்தியன்: அந்த 9.83 வீணாய்ப் போனதா?

டோக்கியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் அரையிறுதியில் (2021 ஆகஸ்ட் 1) 9.83 விநாடியில் ஓடி முதலில் வந்தார் சீனாவின் சூ பிங்தியன். ஆசியச் சாதனை! அன்றிரவே நடந்த இறுதியில் 9.98, ஆறாவது இடம். வெள்ளி வென்ற கெர்லியின் நேரம் 9.84. "அரையிறுதியில் கொஞ்சம் அடக்கி ஓடியிருந்தால் பதக்கம் கிடைத்திருக்குமே" என்று அங்கலாய்ப்பவர்கள் இன்றும் உண்டு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரையிறுதியில் கூட ஓடியவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? அமெரிக்காவின் பேக்கரும் அதே 9.83. மூன்றாவதாக வந்த இத்தாலியின் ஜேக்கப்ஸ் 9.84, இறுதியில் தங்கம் வென்றவர் அவர்தான். நான்காவது சிம்பினே 9.90. நேரடியாக இறுதிக்குப் போவது முதல் இருவர் மட்டுமே. நேரக் கணக்கில் சிம்பினேவுக்கும் இடம் கிடைத்ததால் 9.90 போதும் என்று இப்போது சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கொசுறு 0.07 விநாடியை யாரால் மிச்சம் பிடிக்க முடியும்?

அதுவும் சூவால் நிச்சயம் முடியாது. உயரம் 1.72 மீட்டர்தான், அவருடைய பலமே புறப்பாடு. அந்தப் புறப்பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2013 மாஸ்கோ உலகப் போட்டியின் அரையிறுதியில், துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பியதால் தகுதி இழந்தார். பிறகு, எந்தக் காலை முன்வைத்துப் புறப்படுவது என்பதையே மாற்றினார். வலக்கையால் எழுதிப் பழகியவர் இருபத்தைந்து வயதில் இடக்கைக்கு மாறுவது போன்ற வேலை அது. பழைய நேரத்துக்கே திரும்ப முடியாமல் போயிருக்கலாம். ஆனால் 2015-ல் அமெரிக்காவின் யூஜினில் 9.99! ஆசியாவில் பிறந்த ஒருவர் 10 விநாடிக்குள் ஓடியது அதுவே முதல்முறை. (கத்தாரின் ஒகுனோடே 2014-லேயே 9.93 ஓடியவர், பிறந்தது நைஜீரியாவில்.)

2017-ல் அமெரிக்கப் பயிற்சியாளர் ராண்டி ஹண்டிங்டனிடம் சேர்ந்தார். நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டர் தாண்டிய மைக் பவலுக்குப் பயிற்சி தந்தவர் அவர். மறு ஆண்டே 9.91, ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். டோக்கியோவில் ஓடும்போது வயது 32-ஐ நெருங்கியிருந்தது. பெரும்பாலான ஓட்டக்காரர்கள் இறங்குமுகத்தில் இருக்கும் வயது!

பதக்கம்தான் வேண்டுமென்றால் அதுவும் வந்தது. டோக்கியோ தொடரோட்டத்தில் சீன அணி நான்காவது. வெள்ளி வென்ற பிரிட்டன் அணி ஊக்கமருந்து விவகாரத்தில் 2022-ல் பதக்கத்தை இழக்க, வெண்கலம் சூவின் அணிக்குப் போனது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவருக்கு முன் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் ஓடிய ஆசியர் ஜப்பானின் யோஷியோகா. ஆண்டு 1932. அவரும் ஆறாவது இடம்தான்.