கெட்டரிங்கில் முடிந்தது ஆம்பூரில் முடியாதா?

ஒரு நாடு தன் ராக்கெட்டுத் தளத்தையே உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட முடியுமா? சோவியத் யூனியன் முயன்று பார்த்தது. அதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னது ஒரு பள்ளிக்கூடம்.

இங்கிலாந்தில் கெட்டரிங் என்று ஓர் ஊர் உண்டு. நம் ஆம்பூரைப் போலவே செருப்புக்கும் பூட்சுக்கும் பேர்போன ஊர். அங்கிருந்த பள்ளியில் ஜெஃப்ரி பெர்ரி என்பவர் பௌதிக ஆசிரியர். டெரெக் ஸ்லேட்டர் என்பவர் வேதியியல் ஆசிரியர். அவருக்கு வானொலியில் ஈடுபாடு அதிகம். இருவரும் 1960 ஆம் ஆண்டிலிருந்து ஒரு சிற்றலை வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, சோவியத் செயற்கைக் கோள்கள் அனுப்பும் 'பீப் பீப்' ஒலியைக் கேட்டுவந்தனர். ஒலி எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று மாணவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தனர். அவ்வளவுதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம்!

ரயில் நம்மை நெருங்கி வரும்போது அதன் ஊதல் உச்சத்தில் கேட்கும். கடந்து போனதும் சட்டென்று தாழ்ந்துவிடும். ஆம்பூர் ரயில் நிலையத்தில் நிற்காமல் போகும் வண்டியைக் கவனித்திருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். செயற்கைக் கோளின் வானொலி ஒலியும் இப்படித்தான் மாறும். எந்த நொடியில் அது நமக்கு மிக அருகே வந்தது என்பதை அந்த மாற்றமே காட்டிக்கொடுக்கும். சுமார் 92 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றும் கோள் என்றால், அதற்குள் பூமி 23 பாகை திரும்பியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கோளின் தடம் 23 பாகை மேற்கே தள்ளிப் போகும். இன்றைய தடம் தெரிந்தால், கணக்கைப் பின்னோக்கிப் போட்டு, ஏவிய நாளின் முதல் தடத்தை வரைந்துவிடலாம்.

1966 மார்ச் 17 அன்று 'காஸ்மாஸ் 112' விண்ணுக்குப் போனது. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 72 பாகை சாய்ந்திருந்தது. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், அது கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் தளத்திலிருந்து கிளம்பியதாகத் தெரியவில்லை. ஒரு கோளைக் கொண்டு ஒரு கோடுதான் வரைய முடியும். தளம் அந்தக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அக்டோபரில் 'காஸ்மாஸ் 129' வேறொரு சாய்வில் கிளம்பியது. இரண்டாவது கோடு கிடைத்தது. இரண்டு கோடுகளும் ஆர்க்காங்கெல்ஸ்க் நகருக்குத் தெற்கே, பிளெசெட்ஸ்க் என்ற இடத்துக்கு அருகில் வெட்டிக்கொண்டன. அவ்வாண்டு இறுதியில் பெர்ரி இதை வெளியிட்டார்.

அமெரிக்க உளவுத் துறைக்கு இந்தத் தளம் முன்பே தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மறைத்தவர்களும் பேசவில்லை, ஒளிந்து பார்த்தவர்களும் பேசவில்லை. பொது மக்களுக்குச் சொன்னது, செருப்பு தைக்கும் ஊரிலிருந்த ஒரு பள்ளி. அப்படி ஒரு தளம் இருப்பதைச் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983 ஆம் ஆண்டில்தான்.

"அது பழங்கதை ஐயா, இன்றைக்கு எல்லாச் செய்தியும் கைப்பேசியில் வருகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது. ஆனால் யார் சொன்ன செய்தி வருகிறது? சீனாவின் விண்வெளித் தொழில் இன்று மிகப் பெரியது. அரசு நிறுவனங்களோடு தனியார் கம்பெனிகளும் ராக்கெட்டு விடுகின்றன. அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இரண்டே வகை: அந்நாட்டு அறிவிப்பை அப்படியே எழுதுவது, இல்லாவிட்டால் கேலி செய்வது. இரண்டிலும் எழுதியவர் எதையும் அளந்து பார்த்ததில்லை.

அளக்காமல் இருந்தால் என்ன நஷ்டம்? 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் வானத்தில் தீக்கோடுகள் ஓடின. லாட்போரி என்ற கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் உருண்டைக் கலன்களும் கிடைத்தன. நல்ல வேளையாக யார் தலையிலும் விழவில்லை. என்ன பொருள் அது? அப்போது அமெரிக்காவில் இருந்த ஜோனதன் மெக்டவல் என்ற வானியலாளர், 1989 முதல் தன் சொந்த முயற்சியில் விண்வெளிச் செய்தி இதழ் ஒன்றை நடத்தி, உலகில் ஏவப்படும் ராக்கெட்டுகளுக்குக் கணக்கு எழுதிவருகிறார். அவர் தன் பட்டியலைப் பார்த்து, 2021 பிப்ரவரியில் சீனா ஏவிய 'லாங் மார்ச் 3பி' ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காக இருக்கலாம், அது அந்நேரத்தில் விழ வேண்டியதுதான் என்று சொன்னார். நம் வயலில் விழுந்ததற்கு விளக்கம் கடல் கடந்து வந்தது.

இன்னொன்று. 2024 ஜூன் 30 அன்று சீனாவில் கோங்யி நகருக்கு அருகே, ஒரு தனியார் கம்பெனி தன் 'தியான்லாங் 3' ராக்கெட்டைத் தரையில் கட்டிவைத்து எஞ்சினைச் சோதித்தது. கட்டு அறுந்து ராக்கெட்டு மேலே கிளம்பிவிட்டது! பக்கத்து மலையில் விழுந்து வெடித்தது. ஊர்க்காரர்கள் கைப்பேசியில் பிடித்த படங்களே உலகெங்கும் பரவின; கம்பெனியும் அன்றே ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது.

பிற நாட்டைக் கண்காணிப்பது பகைமை அல்லவா என்று சிலர் தயங்குவார்கள். தோல் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தயக்கமே வரக்கூடாது. மண்டியில் தோல் வாங்குபவர் விற்பவரின் பேச்சை மட்டும் நம்பி வாங்குவாரா? திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பார்ப்பார், விரலால் அழுத்துவார். ஆம்பூர் ஷூ ஐரோப்பாவுக்குப் போனால், தோலில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது 2015 முதல் அங்கே சட்டம். அதை ஆய்வுக்கூடங்கள் சோதிக்கின்றன. இதைப் பகைமை என்று நாம் சொல்வதில்லை. அதே போல, பாலாற்றுத் தண்ணீர் கெடவில்லை என்று யாரோ சொல்வதை ஏற்காமல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது.

நம் நாட்டு விண்கலத்துக்கும் இதே நியாயம்தான். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான் 2-இன் விக்ரம் இறங்குகலம் சந்திரனில் தொடர்பை இழந்தது. அமெரிக்க நாசா வெளியிட்ட படங்களை ஒப்பிட்டு, சிதறல் ஒன்றைக் காட்டிக் கொடுத்தவர் சென்னையில் வாழ்ந்த தமிழ்ப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். விண்வெளித் துறையில் அவருக்கு வேலை இல்லை. மாலை வேளைகளில் வீட்டில் உட்கார்ந்து பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. நம் கலத்தை ஒருவர் தனியாகத் தேடிப் பார்த்ததால் நமக்கு என்ன குறைந்துபோயிற்று?

ஆனால் தனியாகப் பார்த்தேன் என்பதாலேயே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. 2016 பிப்ரவரியில், அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்டறம்பள்ளிக்கு அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்தது என்று மாநில அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா, தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றது. அன்றே வாணியம்பாடி, திருப்பத்தூர், ஆம்பூர் பள்ளிகளிலிருந்து பத்துப் பத்துப் பேர் கிளம்பித் தெருத் தெருவாய்ப் போய், "வானத்தில் ஏதாவது பார்த்தீர்களா? எந்தத் திசை? மணி என்ன?" என்று கேட்டு எழுதியிருந்தால், 'ஒன்றும் பார்க்கவில்லை' என்ற பதில்கூடப் பெரிய சான்றாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பு ஒரு வாரத்தில் கெட்டுவிடும். மக்களின் நினைவில் பத்திரிகைச் செய்தி கலந்துவிடும்.

நம் பகுதிக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வு நிலையம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, விமானத்தில் பறந்து அளந்த அமெரிக்கர்களுக்கு அதன் வளையங்கள் அகப்பட்டன. அதே இரவில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் விண்மீனின் ஒளி மங்கியது பதிவாயிற்று. வேறு கருவி, வேறு ஆட்கள், வேறு இடம்.

உங்களுக்குத் தொலைநோக்கிகூடத் தேவையில்லை. சீனாவின் 'தியான்கோங்' விண்வெளி நிலையம் 41.5 பாகை சாய்வில் சுற்றுவதால் நம் தலைக்கு மேலும் வரும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்குச் சற்று முன், இமைக்காத விண்மீன் போல நகர்ந்து போகும். ஆம்பூர்ப் பள்ளி ஒன்றும் வேலூர்ப் பள்ளி ஒன்றும் கூட்டுச் சேருங்கள். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். கடிகாரத்தை நொடி பிசகாமல் சரிசெய்துகொண்டு, முன்பே பேசிவைத்த ஒரே நொடியில், அது எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் இருந்தது என்று இரு ஊரிலும் குறியுங்கள். நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 பாகை என்பது நினைவிருக்கட்டும். நிலையத்தின் உயரம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் என்றால், அது உச்சி வானில் இருக்கும்போது உங்கள் இரு குறிப்புகளுக்கும் 7 பாகை வித்தியாசம் வர வேண்டும். வந்தால் அவர்கள் சொல்லும் உயரம் சரி. வராவிட்டால் உடனே பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டாம். அது நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது, ஒரு நொடி தவறினாலும் ஒரு பாகை போய்விடும். கடிகாரத்தைச் சோதித்துவிட்டு, அது அடுத்து வரும் நாளில் மறுபடியும் மொட்டை மாடிக்குப் போங்கள்.