அசல் பங்க் என்று ஒன்று இல்லை

பங்க் இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அசல் எது, போலி எது என்று பிரிக்க ஒருவர் வந்துவிடுகிறார். 1977ஆம் ஆண்டு லண்டன், வேலையில்லாத வெள்ளைக்காரப் பையன்கள், கிட்டாரில் மூன்றே கார்டு, பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் காசு படாத கை. இவ்வளவும் இருந்தால்தான் பங்க் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமல்ல, அந்த இசையை உண்டாக்கியவர்களுக்கே இழைக்கும் அநீதி.

காசை எடுத்துக்கொள்வோம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1976 அக்டோபரிலேயே இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தக் குழு உருவானதே கிங்ஸ் ரோட்டில் இருந்த ஒரு துணிக்கடையைச் சுற்றித்தான். ஆனால் 1977 ஜனவரியில் தி கிளாஷ் குழு சி.பி.எஸ். என்ற இன்னொரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்ததும் பங்க் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைத்தார்கள். ஏழைப் பிறப்பு வேண்டும் என்றால் கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் தேறமாட்டார். அவர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அதிகாரியின் மகன், உறைவிடப் பள்ளியில் படித்தவர்.

லண்டன்தான் மூலம் என்பதும் நிற்காது. டெட்ராய்ட்டில் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் 'டெத்' என்ற பெயரில் 1975இலேயே இதே வேகத்தில் பாடிப் பதிவு செய்தார்கள். பெயரை மாற்றச் சொன்னபோது மறுத்தார்கள். அந்தப் பாடல்கள் ஆல்பமாக வெளிவர 2009 ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் 1976 செப்டம்பரில் தங்கள் சொந்தச் செலவில் தட்டு போட்டார்கள். லண்டன் பங்க் குழு எதுவும் அப்போது தட்டே வெளியிட்டிருக்கவில்லை.

என்னை மிகவும் கோபப்படுத்துவது எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் விஷயம். பாடகி பாலி ஸ்டைரீனின் தந்தை சோமாலியர். பல்லில் கம்பி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடை, பக்கத்தில் ஒரு பெண் ஊதும் சாக்ஸபோன். கடைச் சரக்கு மனிதரை விழுங்குவதைப் பற்றி அவர் தொண்டை கிழியப் பாடினார். 1978 ஏப்ரலில் இனவெறிக்கு எதிராக விக்டோரியா பூங்காவில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் மேடையேறினார். அவர்களுடைய ஆல்பம் வந்ததும் இ.எம்.ஐ. வழியாகத்தான். நிறம், வாத்தியம், நிறுவனம் என்று எந்தச் சோதனை வைத்தாலும் இவர் வெளியே நிற்கவேண்டும். இவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே யாரை வைத்துக் கொண்டாடுவது?

நிறுவனச் சோதனையை விதியாகவே வைத்திருந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள 924 கில்மன் அரங்கு நெடுங்காலம் பெரிய நிறுவனக் குழுக்களை மேடையேற்றவில்லை. அங்கே வளர்ந்த கிரீன் டே குழுவும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்த பிறகு பல ஆண்டுகள் அங்கே வாசிக்க முடியவில்லை. தொண்டர்கள் நடத்தும் சின்ன இடம், ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு மேடையைக் காக்க அந்த விதி தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஓர் அரங்கின் விதி பாட்டுக்கு இலக்கணம் ஆகாது.

பங்க் எது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவில் இருவர் கல்லூரி மாணவர்கள். கடன் வாங்கிய 500 பவுண்டில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தட்டை 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்டார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், மேலே எதையாவது சேர்த்துப் பதிந்தார்களா என்பதையெல்லாம் உறையிலேயே அச்சடித்தார்கள். பதிவு வேலையில் மறைக்க எதுவும் இல்லை, யாரும் செய்யலாம் என்று அது காட்டியது. முதலில் அடித்தது 1,000 பிரதி. விற்றுத் தீர்ந்து, மேலும் மேலும் அடிக்க வேண்டியிருந்தது.