கதவைத் திறந்துவிட்டுத் திட்டட்டும்

"அவருக்கு மனசுல ஒண்ணுமில்லப்பா. கொழந்த மாதிரி. கத்துவாரு, அஞ்சு நிமிசத்துல மறந்துடுவாரு. நீதான் அனுசரிச்சிப் போவணும்."

மேலதிகாரியின் அறையிலிருந்து முகம் செத்து வெளியே வரும் தலித் ஊழியனிடம் இந்த வசனத்தைச் சொல்லாத அலுவலகம் தமிழ்நாட்டில் உண்டா? எழுத்தர் சொல்வார். டீ கொண்டுவருகிறவர் சொல்வார். நியாயம் கேட்கப் போனால் சங்கத் தலைவரும் இதையேதான் சொல்வார். 'ஆளுமை வளர்ச்சி' வகுப்பு எடுக்க வருகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மூச்சை இழுத்து விடு, பத்து வரைக்கும் எண்ணு, அவரை ஒரு குழந்தையாக நினைத்துக்கொள் என்று கற்றுக் கொடுக்கிறார்கள். போதாததற்குப் பழமொழிகள் வேறு. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்குமாம். அடிக்கிற கைதான் அணைக்குமாம். அடி வாங்கினவன் எவனும் இந்தப் பழமொழிகளை உண்டாக்கியிருக்க முடியாது.

இந்தச் 'சின்னப்புள்ளத்தனம்' என்கிற சொல்லை நாம் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. கலெக்டர் மடியிலும் மூத்திரம் போகும், தோட்டி மடியிலும் போகும். நம்முடைய மேலதிகாரி அப்படியா? மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தால் எழுந்து நிற்கிறார். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் போன் செய்தால் குரல் குழைகிறது. தன் சாதிக்காரக் கிளார்க் மூன்று நாள் தாமதமாக வந்தாலும் "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கத் தெரிகிறது. ஃபைலைத் தூக்கி எறிவதும், "ஏன்டா, ஒனக்கெல்லாம் எவன்டா வேல குடுத்தான்?" என்பதும் குறிப்பிட்ட சில முகங்களைப் பார்த்தால் மட்டும்தான் வருகிறது. இவ்வளவு துல்லியமாக ஆள் பார்த்து வரும் கோபத்துக்குக் குழந்தைத்தனம் என்று பெயர் வைப்பது குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

சரி, அவர் ஏன் வளராமலே போனார்? இதற்கான பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. தா.பழூர் கொள்ளிடத்தின் வடகரை. ஒரு பக்கம் நஞ்சை, ஜெயங்கொண்டம் பக்கம் போகப் போக முந்திரிக்காடு. இந்த ஆற்றின் இரு கரையிலும் பண்ணையாள் முறை இருந்த காலத்தில், அறுபது வயசுக் கிழவனை ஐந்து வயசுச் சின்னப் பண்ணை பேர் சொல்லிக் கூப்பிடும். கிழவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சொல்லுங்க சாமி" என்று ஓடி வருவான். அந்தக் கிழவனுக்கு ஊர் வைத்த பெயர் 'பயல்'. ஐந்து வயசிலேயே எழுபது பேரை ஏவிப் பழகியவனுக்கு வளர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? எதிரே நிற்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வரும்போதுதான் மனிதன் முதிர்கிறான். அந்தக் கட்டாயம் இல்லாதவன் நரைத்த பிறகும் சின்னப் பண்ணையாகவே இருக்கிறான். பண்ணை போய்விட்டது. சின்னப் பண்ணை பரீட்சை எழுதி, நாற்காலி வாங்கி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. நம் ஆட்கள் இன்னமும் பயல்தான்.

'எல்லா ஊழியரும்தானே திட்டு வாங்குகிறார்கள், எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதே' என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். எல்லாரும் திட்டு வாங்குவது உண்மை. அதிகாரம் என்றாலே திட்டுவதுதான் என்று ஆகிவிட்ட நாடு இது. ஆனால் மற்றவன் திட்டு வாங்கினால் அவன் வேலை திட்டு வாங்குகிறது. நாம் வாங்கும்போது நம் பிறப்பு, நம் தெரு, நம் இடஒதுக்கீடு, நம் அம்மா எல்லாம் சேர்ந்து வாங்குகின்றன. "கோட்டாவுல வந்தவன்தானே" என்ற ஒரு வரிக்கு மற்ற எந்த ஊழியன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது?

நானும் தா.பழூரிலிருந்து பஸ் ஏறிப்போய் ஓர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. என்னுடைய மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை மற்றவர்களிடம் கையில் வாங்குவார். என்னிடம் மட்டும் "அங்க வையி" என்று மேசை ஓரத்தைக் காட்டுவார். எனக்கு ஒருநாள் காய்ச்சல், விடுப்பு கேட்டேன். "ஒங்க தெருவுல தெனமும் எழவுதானே, இன்னைக்கி யாரு செத்தா?" என்றார். அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரிக்காவிட்டால் அடுத்த திட்டு அவர்களுக்கு. ஒரு முதிராத மனிதன் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாரையும் முதிராதவர்களாக்கி வைத்துக்கொள்கிறான் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மேலே போய்விட்டால் இது தீர்ந்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதுவும் முழு உண்மை இல்லை. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகப் போன அம்பேத்கருக்கு, அவருக்குக் கீழே இருந்த பியூன்கள் கோப்புகளைத் தூர நின்று மேசையில் வீசினார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக. 2020இல் நமக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரின் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. சட்டப்படி அந்த அறையில் அவர்தான் மேலானவர். நாற்காலி மட்டும் அவருக்கில்லை. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி இளம் மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். அவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தித் தற்கொலைக்குத் தூண்டியதாக மூத்த மருத்துவர்கள் மூன்று பேர்மீது வழக்குப் பதிவானது. பாயலிடமும் யாராவது 'அனுசரிச்சிப் போ' என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

மேலதிகாரியின் வாயைவிடப் பயங்கரமான ஆயுதம் அவருடைய பேனா. திட்டு காற்றில் போய்விடும். 'மந்தண அறிக்கை'யில் எழுதுவது நம் பிள்ளை கல்யாணம் வரைக்கும் வரும். 17(ஆ) குற்றச்சாட்டு ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு அதோடு நின்றுபோகும். ஓய்வுபெறும் மாதத்தில் பழைய மெமோவைத் தோண்டி எடுத்த கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்!

இதற்கு நாடறிந்த சாட்சி உண்டு. மகாராட்டிரத்தின் கராடு ஊரில், ஓர் அரசு மருந்தியல் கல்லூரியில் வேலை பார்த்த தலித் ஊழியர் ஒருவரின் ஆண்டு மந்தண அறிக்கையில், இவருடைய நேர்மையும் நடத்தையும் சரியில்லை என்று மேலதிகாரிகள் எழுதினார்கள். அவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தார். அந்த மேலதிகாரிகள்மீது வழக்கு நடத்த அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்த இயக்குநர்மீதும் புகார் கொடுத்தார். அந்த இயக்குநர் உச்ச நீதிமன்றம் போனார். 2018 மார்ச் 20இல் தீர்ப்பு வந்தது. முதற்கட்ட விசாரணை வேண்டும், கைதுக்கு முன் அனுமதி வேண்டும், முன்ஜாமீன் கொடுக்கலாம் என்று சட்டத்தின் பல்லையே பிடுங்கினார்கள். ஏப்ரல் 2இல் நாடு முழுக்க தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள். பலர் உயிரை விட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1இல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் தானே திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் திருத்தமும் செல்லும் என்றது. இத்தனைக்கும் தொடக்கம் எது? ஒரு கல்லூரி அலுவலகத்தில், ஒரு மேலதிகாரியின் பேனா எழுதிய ஒரு குறிப்பு. இதைத்தான் நம்மவர்கள் 'ஆபீஸ் பாலிடிக்ஸ்' என்று சொல்லித் துடைத்துப் போடுகிறார்கள்.

இப்போது லால்குடி வழக்குக்கு வருவோம். நமக்கு எதிர்க்கரைதான் அது என்று சொல்லக்கூட வேண்டாம், இந்தக் கரைதான். பட்டா சம்பந்தமாக அலுவலகத்துக்கு வந்த ஒருவர், வருவாய் ஆய்வாளராக இருந்த தலித் அதிகாரியைச் சாதி சொல்லித் திட்டினார் என்பது 2021ஆம் வருடப் புகார். 2025 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ஏனென்றால் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்டது அலுவலக அறையின் நான்கு சுவருக்குள். சட்டம் கேட்பதோ 'பொதுமக்கள் பார்வையில் படும் இடம்'. உடன் வேலை பார்ப்பவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். மேலதிகாரி நம்மைத் தெருவில் வைத்தா திட்டுகிறார்? "உள்ள வா, கதவச் சாத்து" என்றுதானே ஆரம்பிக்கிறார்! தலித் ஊழியன் இழிவுபடும் இடம் பெரும்பாலும் சாத்திய கதவுக்குப் பின்னால்தான். சட்டத்தின் கண் அந்தக் கதவோடு நின்றுவிட்டால், சாதிப்புத்திக்காரனுக்கு நீதிமன்றமே தாழ்ப்பாள் செய்து கொடுத்த மாதிரி ஆகாதா? இந்தச் சொற்றொடர் திருத்தப்பட வேண்டும். பணியிடம் என்றால் அது சுவருக்குள் இருந்தாலும் வெளியில் இருந்தாலும் சட்டத்தின் பார்வைக்குள் வர வேண்டும். ராஜஸ்தானில் 1992இல் பன்வாரி தேவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு பெண்கள் போராடினார்கள். அதில் பிறந்ததுதான் 1997இன் விசாகா தீர்ப்பு, அப்புறம் 2013இன் சட்டம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும் என்று ஆனது. அந்தச் சட்டம் மூடிய அறையையும் பணியிடம் என்றே பார்க்கிறது. பாலியல் தொல்லைக்கு அலுவலகத்துக்குள் குழு வைக்க முடியுமென்றால், சாதித் தொல்லைக்கு ஏன் முடியாது? நம் இயக்கங்கள் இந்தக் கோரிக்கையை எத்தனை மேடையில் வைத்திருக்கின்றன?

சட்டம் மாறும் வரைக்கும் என்ன செய்வது? தனியாக அறைக்குள் போகாதீர்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், கதவைத் திறந்தே வையுங்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 'தாங்கள் இன்ன தேதியில் இப்படிச் சொன்னபடி' என்று நீங்களே எழுதி, ஒப்புதல் வாங்கி வையுங்கள். சொன்ன சொல்லை அன்றைக்கே, யார் இருந்தார்கள் என்பதோடு நோட்டில் குறியுங்கள். மெமோவுக்குக் கெடு முடிவதற்குள் பதில் கொடுங்கள். கோபம் வந்தால் வரட்டும், பதிலில் கோபம் வேண்டாம், தேதி இருக்கட்டும். மந்தண அறிக்கையின் ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிவிக்காவிட்டால் 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். புகாரை வாங்காமல் கடமை தவறும் அரசு ஊழியருக்கு, அவர் தலித் அல்லாதவராக இருந்தால், வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை வைத்திருக்கிறது என்பதைக் காவல் நிலையத்தில் நினைவூட்டுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே சொன்னதெல்லாம் ஃபைல் உள்ளவர்களுக்கு. ஊராட்சியில் குப்பை அள்ளும் பெண்ணுக்கு, தண்ணீர்த் தொட்டி திறந்துவிடும் ஆளுக்கு, அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் ஒப்பந்தத்துக்கு மூட்டை தூக்குகிறவனுக்கு ஃபைலே கிடையாது. மெமோவும் கிடையாது. "நாளையிலேர்ந்து வராத" என்ற ஒரே வரிதான். 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசாங்கம் மாற்றியது. நல்லது. கூப்பிடுகிற குரல் மாறியதா? தெருவில் நின்று "ஏ புள்ள, இங்க வா" என்கிற மேற்பார்வையாளரின் வயசு அந்தம்மாவின் மகன் வயசு. இவர்களைத் தனித்தனியாக நோட்டுப் போடச் சொல்வது கேலி. ஒருத்தியைத் திட்டினால் பத்துப் பேர் துடைப்பத்தைக் கீழே வைப்பதுதான் அவர்களுடைய மெமோ. அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பது நிரந்தர வேலையில் இருக்கும் நம்முடைய கடமை.

நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்தால்? அவரும் அதே குரலை எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். தன் தெருப் பெண்ணையே "ஏய்" என்று கூப்பிட்டால்தான் அதிகாரி என்று மற்றவர்கள் மதிப்பார்கள் என்ற பயம். படித்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று 1956இல் ஆக்ராவில் அம்பேத்கர் மனம் நொந்து பேசியது இவர்களை வைத்துத்தான். பெரம்பலூர் மண்ணிலிருந்து ஐ.ஏ.எஸ். ஆகி, 'பழையன கழிதலும்' எழுதிய ப.சிவகாமி, 2008இல் அந்த வேலையையே உதறினார். எல்லாருக்கும் அது முடியாது. நாற்காலியில் இருந்துகொண்டே 'வாங்க, உக்காருங்க' என்று சொல்ல எல்லாருக்கும் முடியும். அதற்கு அரசாணை தேவையில்லை.

ஆகவே, 'அனுசரிச்சிப் போ' என்று அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். நாங்கள் தலைமுறை தலைமுறையாக அனுசரித்தவர்கள். அந்த அனுசரணையில் வளர்ந்ததுதான் இந்தச் சின்னப்புள்ளத்தனம். இனிமேல் அவருடைய மேசையைச் சுற்றி நிற்கிறவர்கள் அவரிடம் போய் அனுசரிக்கச் சொல்லட்டும். ஐம்பது வயசு மனுசனை வளர்த்து ஆளாக்குகிற வேலைக்கு அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் திட்டித்தான் தீர வேண்டும் என்றால், கதவைத் திறந்துவிட்டுத் திட்டட்டும். ஊர் கேட்கட்டும். நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.