மூலவோலையும் ஒரு சட்டைப் பொத்தானும்

"பொத்தான் ஒட்டுவதற்கும் ஒரு கட்டுரையா?" என்று அடுத்த பக்கத்தைப் புரட்ட எண்ணும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நான் தையற்காரர் மகள். திருவெண்ணெய்நல்லூரில் என் தந்தையார் முப்பத்தோர் ஆண்டுகள் தையல் மிஷின் மிதித்தார். அகர முதல எழுத்துகளைக் கற்பதற்கு முன்பே பொத்தான்களை எண்ணக் கற்றவள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் மூன்றாமாண்டு அக்காமார்களுக்கு விடைகொடுத்தபோது, நாங்கள் ஆளுக்கொரு நினைவேடு செய்து கொடுத்தோம். ஸ்கிராப்புக் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துச் செய்தது. தடித்த தாள், நிழற்படங்கள், பழைய பேருந்துச் சீட்டுகள், உலர்ந்த பூ, ஓரமெல்லாம் வண்ண வண்ணப் பொத்தான்கள். பொத்தான்கள் விழுப்புரத்து ஃபேன்சி கடையிலிருந்து பொட்டலமாக வந்தன. ஒரு சட்டையைக்கூடக் கண்டறியாத பொத்தான்கள்! ஐந்தைக் கூட்டினால் பூ, வரிசையாக வைத்தால் கம்பளிப்புழு, கீழே ஒரு கோடிழுத்தால் பலூன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்; மறைப்பானேன்?

இரண்டு மாதம் கழித்து அந்த அக்காமார்களில் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தேன். ஆசையோடு ஏட்டைக் கொண்டுவந்து திறந்தார். பொலபொலவென்று பொத்தான்கள் மடியில் கொட்டின. இருவரும் சிரித்தோம். பிறகு பொறுக்கி எடுத்தோம். எந்தப் பொத்தான் எந்தப் பக்கத்தினுடையது என்று அவருக்கும் தெரியவில்லை. செய்த எனக்கும் தெரியவில்லை. பேருந்து ஏறிய பிறகும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. விழுந்தால் எங்கிருந்து விழுந்தது என்று தேடத் தோன்றாத ஒன்றை நாங்கள் ஏன் ஒட்டினோம்?

"பொத்தான் சட்டையைப் பூட்டுவதற்கு, தாளில் அதற்கு என்ன வேலை?" என்று சிலர் இதற்கு எளிதாக விடை சொல்லிவிடுவார்கள். வரலாறு படிக்கும் மாணவி என்ற முறையில் அந்த விடையை நான் ஏற்கமாட்டேன். சிந்துவெளி மொகஞ்சதாரோவில் சிப்பியால் செய்த பொத்தான்கள் கிடைத்துள்ளன. அவை பூட்டுவதற்கென்று அல்லாமல் அணியாகவே பயன்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. பொத்தானை நுழைத்துப் பூட்டும் துளை ஐரோப்பாவில் பரவியது 13ஆம் நூற்றாண்டில்தான். ஆக, பொத்தான் முதலில் அணி, பிறகே பூட்டு. (பொத்தான் என்ற சொல்லே போர்த்துக்கீசியர் தந்தது. தையற்கடையில் சொல்லும் காஜாவும் அவர்கள் மொழியில் வீட்டைக் குறிக்கும் 'காஸா'விலிருந்து வந்ததுதான். பொத்தானுக்கு வீடு காஜா! என் தந்தையாருக்கு இதைச் சொன்னபோது, "வாடகை யாரு குடுக்கிறா?" என்று கேட்டார்.)

தாளில் அணி பதிக்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. 1894இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற இரவிவர்மா அச்சகத்தின் இலட்சுமி, சரசுவதி படங்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தபோது, நம் பாட்டிமார் அவற்றை அப்படியே மாட்டிவைக்கவில்லை. பட்டுத் துண்டை வெட்டிச் சேலையாக ஒட்டினார்கள், சரிகை வைத்தார்கள், சம்கியும் மணியும் பதித்துக் கண்ணாடி போட்டார்கள். என் பாட்டி வீட்டுக் கூடத்திலும் அப்படியொரு இலட்சுமி இருந்தாள். அதில் சம்கி ஒட்டியாணத்தில் இருக்கும், மணி கழுத்தில் இருக்கும், சரிகை சேலையின் ஓரத்தில் ஓடும். ஒன்றுகூட இடம் மாறி இராது. எங்கள் நினைவேட்டின் பொத்தான்களோ எங்கே வெற்றிடம் தெரிந்ததோ அங்கே உட்கார்ந்தன.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஊர்க் கதையே எனக்கு வழி காட்டிற்று. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தடுத்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓர் ஓலையைக் காட்டினார் ஒரு முதியவர். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப் போட்டார். "கிழித்தது படியோலை, மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்றார் முதியவர். எங்கள் ஊர் அவையத்தார் அந்த மூலவோலையை வாங்கி, சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையோடு கையெழுத்தை ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புக் கூறினர் என்கிறது பெரிய புராணம். படி கிழியலாம், எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மூலம் ஒன்றுதான்.

நினைவேட்டில் நாம் ஒட்டும் நிழற்படம் படியோலை. அதே படம் நாற்பது பேர் கைப்பேசியில் இருக்கிறது. ஆனால் ஒருவர் நாள்தோறும் விரலால் பூட்டித் திறந்த பொத்தான் இருக்கிறதே, அது மூலவோலை. அதற்குப் படி கிடையாது. அப்படிப்பட்ட பொத்தான் ஒன்றே ஒன்று ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். பொட்டலத்துப் பொத்தான் நூறு இருந்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது என்பது என் துணிபு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஹைடா, டிலிங்கிட் முதலிய பழங்குடியினர் கம்பளிப் போர்வையில் முத்துச்சிப்பிப் பொத்தான்களை வரிசையாகத் தைத்துத் தம் குலச் சின்னத்தை வரைகிறார்கள். அங்கே பொத்தான் வந்தது வெளிநாட்டு வணிகரிடமிருந்து. அது சொல்வது தைத்தவரின் குலத்தை.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் குரல் கொடுத்ததும், அம்மா சட்டைகளை எடுத்துப் பொத்தான்களையெல்லாம் பிளேடால் அறுத்து அந்த டப்பாவில் போட்டுக்கொண்ட பிறகே துணியைக் கொடுப்பார். பாத்திரக்காரர் முணுமுணுப்பார்; அம்மா கேட்கமாட்டார். என் பள்ளிச் சீருடை, தம்பியின் முதற்சட்டை, மாமாவின் கலியாணச் சட்டை, எல்லாவற்றின் மிச்சமும் அதில்தான். பெரும்பாலும் பாலியெஸ்டர். நாலைந்து மட்டும் சிப்பிப் பொத்தான்கள், தொட்டால் குளிரும். பீகாரில் மெஹ்சி என்ற ஊரில் ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்யும் தொழில் ஒரு காலத்தில் செழித்திருந்து, பிளாஸ்டிக் வந்தபின் நலிந்தது. எங்கள் டப்பாவில் இருப்பவை எந்த ஊர்ச் சிப்பியோ!

இனிச் செய்முறை. இதில் தையற்காரர் மகள் பேசுகிறாள், கேட்டுக்கொள்ளுங்கள். பொத்தானை ஒட்டாதீர்கள், தையுங்கள். வெள்ளைப் பசை நீர் வற்றிக் காய்வது. தாள் அந்த நீரைக் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது. அதனால்தான் கோடையில் தாள் சுருண்டதும் பொத்தான் கழன்று விழுகிறது. மைதாப் பசையோ பூச்சிக்கு விருந்து. முதலில் ஊசியால் தாளில் துளையிட்டுக்கொண்டு, பின்புறம் ஒரு சிறு துணித்துண்டை வைத்து, பருத்தி நூலால் இழுக்காமல் தைக்க வேண்டும். துணி இல்லாமல் தைத்தால் நூல் தாளை அறுத்துவிடும். இரும்புப் பொத்தான் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்து எதிர்ப்பக்கத்து முகத்தையும் கறையாக்கும். அளவையும் பார்க்க வேண்டும். 40 லைன் சேர்ந்தது ஓர் அங்குலம் என்பது பொத்தான் கணக்கு. சட்டைக்குப் பெரும்பாலும் 16 அல்லது 18 லைன். அதற்கு மேற்பட்ட கோட்டுப் பொத்தானை ஏட்டுக்குள் வைத்தால் ஏடு மூடாது. பத்துப் பக்கத்திலும் ஒரே மூலையில் தைத்தாலும் அங்கே ஓர் அங்குலம் வீங்கிவிடும். இடம் மாற்றித் தையுங்கள். பக்கத்தில் தேதியும், யார் சட்டை என்பதும் எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் பேரன் அதையும் பொட்டலத்துப் பொத்தான் என்றுதான் எண்ணுவான்.

கைவினைக் கண்காட்சிகளில் நடுவர்களாக அமரும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். மின்னுவதற்கு மதிப்பெண் இடுகிறீர்கள், சரி. இது எங்கிருந்து வந்தது என்று ஒரு பொத்தானைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லும் மாணவிக்கு இரண்டு மதிப்பெண் கூடக் கொடுத்தால் குறைந்துபோகாது.

என் தந்தையார் சென்ற ஐப்பசியில் காலமானார். வீட்டிற்கென ஓர் ஏடு தொடங்கினேன். அவருக்கு ஒரு பக்கம். நிழற்படங்கள் மூன்றுதான் கிடைத்தன; மூன்றிலும் அவர் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் கடைசியாக உடுத்திய வெள்ளைச் சட்டை கொடியிலேயே இருந்தது. அதன் இரண்டாவது பொத்தானை எடுக்க வேண்டும் என்று எண்ணினேன். வேலை செய்யும்போது அதைத்தான் திறந்தும் பூட்டியும் கொண்டிருப்பார். டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து, இதுதான் அது என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மூலவோலை என்று இவ்வளவு பேசிவிட்டு அதைச் செய்ய மனம் வரவில்லை. அம்மாவைக் கேட்டேன். "அந்தச் சட்டையில கை வெக்காத" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். நான் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பக்கம் மூன்று மாதம் வெறுமனே கிடந்தது.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது அம்மாவே பிளேடை எடுத்து, அந்த இரண்டாவது பொத்தானை அறுத்து என் கையில் வைத்தார். நூலும் அதிலேயே இருந்தது. அப்பா போட்ட முடிச்சு. நூலோடு அப்படியே வைத்துத் தைத்தேன். நான் தைத்து முடித்து நிமிர்ந்தபோது, அம்மா டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளையில் அந்த அளவு கிடைக்கவில்லை. நீலத்தில் ஒன்றை எடுத்துச் சட்டையில் தைத்தார்.

"உங்கப்பா இருந்திருந்தா பட்டன் இல்லாத சட்டையக் கொடியில போட விடுவாரா?" என்றார்.