புறச்சுவருக்கு எந்த வண்ணம்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில், பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்து பல்லாண்டுச் சேமிப்பில் வீடு கட்டிய குடும்பங்கள் உண்டு. அவ்வீட்டின் புறச்சுவருக்கு எண்ணெய் வண்ணம் பூசுவதா, நீர் கலந்து பூசும் எமல்ஷன் பூசுவதா என்பது அவர்களுக்குச் சிறு வினா அன்று. பூச்சு விரைவில் உரிந்தால் அச்செலவை மீண்டும் யார் தாங்குவது?

எண்ணெய் வண்ணம் பளபளக்கும். துடைத்தால் அழுக்கு நீங்கும். ஆகவே அதுவே உறுதியானது எனப் பெரியோர் பலர் கருதுகின்றனர். மரக்கதவுக்கும் இரும்புக் கம்பிக்கும் அது பொருந்தும். சிமெண்ட் சுவருக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

புதிய சிமெண்ட் பூச்சில் காரத்தன்மை மிகுதி. காரமும் எண்ணெயும் வினைபுரிந்தால் சோப்பு உண்டாகும். ஈரச்சுவரிலும் அதுவே நிகழ்கிறது. வண்ணம் பிசுபிசுத்துப் பிடிப்பை இழக்கிறது. மேலும், ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கி, ஆண்டுக்கு இருமுறை நனையும் நிலம் இது. சுவரில் ஊறிய ஈரம் வெயில் அடித்ததும் ஆவியாகும். எண்ணெய்ப் படலம் அதற்கு எளிதில் வழிவிடாது; கொப்புளம் எழும்பும், பின்னர் உரியும். எமல்ஷன் படலத்தின் ஊடே ஆவி வெளியேறிவிடும்.

எமல்ஷனுக்கு ஆங்கிலத்தில் 'லேடெக்ஸ்' என்றும் பெயர் உண்டு. ரப்பர் தோட்டங்களைக் கண்டு வளரும் நீங்கள், பால்வெட்டி எடுக்கும் ரப்பர் பால் அதில் இருப்பதாக எண்ணக்கூடும். இல்லை. செயற்கைப் பிசினின் நுண்துகள்கள் நீரில் பால்போல் பரவியிருப்பதால் வந்த பெயர் அது. களியக்காவிளையில் வாங்கினாலும் பாறசாலையில் வாங்கினாலும், புறச்சுவருக்கு உரிய வகை எனக் கேட்டு வாங்க வேண்டும். உட்சுவர் வகை மழை தாங்காது.

எமல்ஷனிலும் தொல்லை உண்டு. நிழல் விழும் சுவரில் பாசி படியும். அதைத் தேய்த்துக் கழுவி, நன்கு காய்ந்தபின் பூச வேண்டும். முன்பு எண்ணெய் வண்ணம் பூசிய சுவராயின், உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பிரைமர் அடிக்காமல் பூசினால் ஒட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் மிகுதியாக இருந்ததுண்டு. வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்னும் விதி, நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே, பழைய பூச்சை நீர் தெளித்துச் சுரண்டுமாறு வீட்டாரிடம் கூறுங்கள். வேலை முடிந்து தூசியைக் கழுவித் துடைக்கும்வரை தம்பி தங்கையரை அப்பக்கம் விடாதீர்கள்.